கவட்டைக்கு எடுத்த அளவு

மறுபடியும் அந்தச் சத்தம். ஈரத்துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்து நிறுத்தினது மாதிரி ஒன்று, அடுத்த மூச்சில் கூரைத் தகரத்தில் டங்கென்று இன்னொன்று, பிறகு என்னவோ சின்னதாக உருண்டு, சரிவில் இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் தயங்கி, விழுகிறது. விழுந்த சத்தம் இல்லை, கீழே காப்பிச் சருகு. குரங்கு இல்லை. குரங்குகள் விளக்கு வைக்கும் நேரத்துக்கே பலாமரத்தில் ஏறி ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், இருட்டென்றால் அதுகளுக்கும் என்னை மாதிரிதான். மரநாய் என்றால் நாலு காலும் தடதடவென்று போகும். இது ஒற்றையாக வருகிறது. வந்துவிட்டு, எனக்குக் கேட்டதா என்று காத்திருக்கிறது. பாப்பா சேலைத் தொட்டிலில் முனகுகிறாள், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன், மத்தியானம் இருந்த கொதிப்பு இல்லை, ஆனாலும் சூடு. இந்தச் சூட்டினால்தான் நான் கோயிலுக்குப் போகவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை, எஸ்டேட்டில் உள்ள வேதக்காரர்கள் அத்தனை பேரும் கீழே சிலுவைப் பாதையில் இருக்கிறார்கள், என் மாமியாரும் அங்கேதான். ஏழு மாசப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியில் வராதே, இன்னாசி வீட்டில்தானே இருக்கான், துணைக்கு அவன் போதும் என்று அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் காப்பி மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார், நாளை மத்தியானம்தான் ஏறி வருவார். காற்று திரும்பும்போது ஒலிபெருக்கி கேட்கிறது, நாலாம் நிலை என்றார்களா, ஐந்தாம் நிலையா, பதினாலும் முடிந்து, பூசையும் முடிந்து, அத்தை மூட்டுவலியோடு மேடேறி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்கதவுக்குக் குறுக்குக்கட்டை போட்டாயிற்று, காட்டுமாடு முற்றம்வரை வருகிறது என்று ஊரில் எல்லாருமே போடுவதுதான். நடுக்கதவுதான். இந்தப் பக்கம் நானும் பாப்பாவும், அந்தப் பக்கம் அடுக்களையும் இவருடைய அண்ணன் இன்னாசிப் பெரியத்தானின் அறையும், இரண்டுக்கும் நடுவில் அந்த ஒற்றைக் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் உண்டு. போடுவதில்லை. இந்த வீட்டில் போடக்கூடாது.

உண்டிவில் வேண்டும் என்று நினைத்தது குரங்குக்காகத்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுக் கேட்டாலும் அதையே சொல்வேன், அப்போது அது உண்மையும்கூட. காது கிழிந்த கடுவன் ஒன்று, தை மாசம், முன்கதவு திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே வந்தது, பழத்தை எடுக்கவில்லை, டப்பாவைத் திறக்கவில்லை, நேராகத் தொட்டிலுக்குப் போய்ச் சேலையை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தது. நான் வாசல்படியில் வாளியோடு நிற்கிறேன். அது திரும்பி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல், வீட்டுக்காரன் மாதிரி நடந்து போனது. அன்றைக்கு ராச்சாப்பாட்டில் இவர்தான் ஆரம்பித்தார், "அண்ணே, இவளுக்கு ஒரு உண்டிவில் செஞ்சு குடுண்ணே, நாள் பூரா வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு அலையிறா." பெரியத்தான் தட்டைத் தள்ளி வைத்தார், கை கழுவினார், மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி உருவினார். "கையக் குடு எமல்டா. அளவு எடுக்காம செஞ்சா அது உண்டிவில்லு இல்ல, வெறகு." வலது கையை நீட்டினேன். சிரித்தார்கள். அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார், "ஏத்தா, கை குலுக்கவா கூப்பிட்டான்?" "பிடிக்கிறது எடது கை, இழுக்கிறதுதான் சோத்துக்கை" என்று பெரியத்தானே என் இடது கையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளங்கையை விரித்து, பெருவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் அடிவரை ஒரு ஈர்க்கு வைத்து ஒடித்தார், தண்டு உள்ளங்கையை நிரப்பி அதற்குக் கீழே ஒரு விரற்கடை இறங்க வேண்டும் என்றார். மூன்று விரலைச் சேர்த்து வைத்து அதற்கொன்று, இதுதான் ரெண்டு கொம்புக்கும் நடுவில் இடைவெளி. ஆள்காட்டி விரலின் நீளத்துக்கு ஒன்று, கொம்பின் உயரம். கையை மூடச் சொல்லி, விரல்நுனி உள்ளங்கையைத் தொடாமல் நிற்கிற இடத்துக்கு ஒன்று, தண்டின் பருமன். எல்லாம் சரிதான், எல்லாம் உண்மையான அளவுதான், பிறகு நானே அதே அளவுகளை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு ஈர்க்குக்கும் நடுவில் அவருடைய பெருவிரல் என் உள்ளங்கைக் குழியில் கிடந்தது, சும்மா கிடக்கவில்லை, வட்டம் போட்டது. கையை இழுத்தேன். "அசையாத, அளவு தப்பிரும்." எல்லாருக்கும் முன்னால், நாற்பது வாட்ஸ் வெளிச்சத்தில். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒடித்த நாலு ஈர்க்கையும் பெரியத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இல்லை, எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறார், என் கையின் நீளமும் அகலமும் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அறையில் இருக்கின்றன.

அந்தக் கை என் கை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அதாவது அதுதான் என் கை, அதனால்தான் அதில் உண்டிவில்லைப் பிடிக்க முடியாது. நான் இடதுகைக்காரி. கான்வென்டில் ஒன்றாம் வகுப்பில் சிஸ்டர் என் இடது மணிக்கட்டை யூனிஃபார்ம் பெல்ட்டால் பெஞ்சோடு கட்டிவிட்டு வலது கையில் பென்சிலைச் செருகினார், ஆண்டவரின் வலப்பக்கத்தில் யார் நிற்பார்கள், இடப்பக்கத்தில் யார் நிற்பார்கள், சொல், என்றார். வலப்பக்கம் மோட்சத்துக்குப் போகிற செம்மறியாடுகள், இடப்பக்கம் நரகத்துக்குப் போகிற வெள்ளாடுகள். சொன்னேன். ஒரு வருசத்தில் வகுப்பிலேயே அழகான கையெழுத்து என்னுடையது. எழுதுவது வலது, சாப்பிடுவது வலது, சிலுவை போடுவது வலது, யார் கை கேட்டாலும் நீளுவது வலது. ஆனால் பலம் இடம் மாறவில்லை, எறிய, வெட்ட, பிள்ளை நழுவினால் பிடிக்க இடதுதான் முந்துகிறது. அப்படியானால் நான் இழுக்க வேண்டியது இடது கையால், பிடிக்க வேண்டியது வலது கையால், அவர் கொண்டுவந்து கொடுத்த உண்டிவில்லோ இடது பிடிக்குச் செய்தது. கொய்யாக் கவட்டை, நெய் போட்ட மாதிரி வழவழப்பு, இடது பெருவிரல் பதிய ஒரு பள்ளம்கூடச் செதுக்கியிருந்தார், வலது கையில் பிடித்தால் அந்தப் பள்ளம் ஆள்காட்டி விரலைக் கடிக்கிறது. அழகாகத்தான் செய்திருந்தார். அதுதான் தாங்கமுடியவில்லை. பள்ளத்தில் விரலை வைத்தால் அவருடைய பெருவிரல் ஏற்கெனவே அங்கே இருக்கிற மாதிரி. துணி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, என் கைக்கு நானே செய்துகொள்வேன் என்று முடிவெடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் என்ன சொல்ல.

காப்பிக்குக் கவாத்து நடக்கிற காலம், எங்கே பார்த்தாலும் வெட்டிய கிளைகள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விறகு பொறுக்குகிறவள் மாதிரி அலைந்தேன். கொய்யா வேண்டாம், நல்ல மரம்தான், அவர் தொட்ட மரம். சில்வர் ஓக் பார்க்க நேராக இருக்கிறது, வளைத்தால் நார் நாராகப் பிளக்கிறது. மிளகுக்கொடி ஏற்றுகிற கல்யாண முருங்கை, தூ, அது மரமே இல்லை, நகத்தால் கிள்ளினால் கிழங்கு மாதிரி வருகிறது. ஆரஞ்சு கெட்டிதான், ஆனால் ஒரு கொம்பு தடித்தும் ஒன்று மெலிந்தும் வளர்கிறது, இழுத்தால் கல் மெலிந்த பக்கம் ஒதுங்கும். கடைசியில் காப்பிதான். தலையை வெட்டிவிட்ட பழைய செடி, வெட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு கிளை விட்டு, ஒன்றையொன்று முந்த விடக்கூடாது என்று போட்டி போட்டுக்கொண்டு ஒரே பருமனில் ஏறுகின்றன. நான் பார்த்ததிலேயே சமமான இரண்டு அவைதான். தலை போனதால் வந்த கவட்டை. அரிவாளால் வெட்டும்போது இரும்பில் மோதின மாதிரி கை அதிர்ந்தது, சந்தோசமாக இருந்தது. ஈரத்தோடு செதுக்கினால் காய்ந்தபின் கோணும், வெயிலில் போட்டால் வெடிக்கும். பட்டையை உரிக்காமல், இரண்டு கொம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி நிற்கிற மாதிரி கம்பி கட்டி, வெட்டுவாய்களை மெழுகால் அடைத்து நிழலில் வைக்க வேண்டும். மெழுகுக்கு எங்கே போவேன், மெழுகுதிரித் திருநாளன்று மந்திரித்துக் கொடுத்த திரியின் கட்டையை உருக்கினேன், இடி மின்னலுக்கும் சாகக்கிடக்கிறவர்களுக்கும் ஏற்ற வேண்டிய திரி. அடுப்புப் பரணில் வைத்தால் அவர் கண்ணில் படும், அதனால் பாப்பாவுக்கு என் அறையில் வைத்திருந்த கேழ்வரகு டின்னுக்குள் புதைத்தேன், தானியம் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். மூன்று வாரம். முதல் கவட்டையைக் காயவைத்துப் பட்டை உரித்து, தேய்த்து, பள்ளமும் செதுக்கிவிட்டுப் பார்த்தால் இடது பெருவிரலுக்குச் செதுக்கியிருக்கிறேன். யோசிக்காமல். அவர் செய்ததையே கை திருப்பிச் செய்திருக்கிறது, பெஞ்சில் கட்டிப்போட்டு எழுதப் பழக்கின மாதிரிதான், எவன் அளவெடுத்தாலும் அந்த அளவுக்குத் தன்னை ஒடித்துக்கொடுக்கிற புத்தி. அதை அடுப்பில் போட்டேன், காப்பிக் கட்டை நின்று எரிகிறது, அத்தைகூட நல்ல விறகு என்றார். இரண்டாவது இதோ, முந்தாநாள் முடித்தது. என் வலது கையை நானே நூலால் அளந்து, தண்டு உள்ளங்கையை அடைத்து, கொம்புகள் பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் எட்டி, வலது பெருவிரலுக்குப் பள்ளம். சைக்கிள் ட்யூபிலிருந்து வார், கையை நீட்டிப் பிடித்தால் கன்னம்வரை இழுபடுகிற நீளம். இவருடைய பழைய ஷூவின் நாக்கை வெட்டிக் கல் வைக்கிற தோல். முந்தாநாள் மத்தியானம் கிணற்றடித் தகரத்தை அடித்தேன், பதினைந்து அடியில், பத்துக்கு ஏழு. ஏழாவது பட்டபோது வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னேன். கான்வென்ட் பிள்ளைகள் சொல்லாத வார்த்தை.

சத்தம். டங். இந்தத் தடவை நேராக எனக்கு மேலே, தொட்டில் கட்டிய உத்தரத்துக்கு மேலே. ஒலிபெருக்கியில் பெண்கள் பாடுகிறார்கள், எந்த நிலை என்று தெரியவில்லை. அத்தை அங்கே முழங்காலிட்டு அழுதுகொண்டிருப்பார், ஒவ்வொரு வருசமும் அழுவார், உண்மையாகவே அழுவார். போன மாதமும் இவர் வத்தலக்குண்டில்தான் இருந்தார். ராத்திரி பால் கொடுக்க விழித்தபோது நடுக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது, நான் சாத்தின கதவு. அந்த ஒரு சாணில் ஒன்றும் இல்லை, இருட்டும் பீடி வாசனையும்தான். மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இவர் வந்ததும் சொன்னேன். "காத்தா இருக்கும்." காத்து பீடி குடிக்குமா என்றேன். "அண்ணன் தண்ணி குடிக்க வந்திருப்பாரு. இங்க பாரு எமல்டா, சிஸ்டருக வளத்த புள்ள நீ, எதப் பாத்தாலும் ஒனக்குப் பாவமாத்தான் தெரியும்." தண்ணிப்பானை அவர் பக்கத்தில், அடுக்களையில் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை, எப்போதும் ஒரு நாள் கழித்துத்தான் எனக்குப் பதில் வருகிறது. மறுநாள் அத்தையிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், நடுக்கதவுக்குத் தாழ் போட்டுக்கொள்ளட்டுமா, குரங்கு வருதில்ல. அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், விரல் நிற்கவே இல்லை. "ராத்திரியில எந்தக் கொரங்குடி வருது? கூடப்பொறந்தவன் படுத்திருக்கிற பக்கம் தாழ் போட்டா அவன என்னன்னு சொன்னதா அர்த்தம்? பவுலின் போட்டா. மூணே மாசம். குடும்பம் ரெண்டாச்சு." பவுலின் பெரியத்தானின் மனைவி, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தாய்வீட்டுக்குப் போய்விட்டவர், ஒரே ஒரு கல்யாண போட்டோவில் பார்த்திருக்கிறேன், பூச்செண்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பார். திமிர் பிடித்தவள் என்பார்கள். புருசன் உள்ளே வரக்கூடாது என்று இதே அறையில், இதே நடுக்கதவுக்குத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினவள் என்பார்கள். எதற்காக என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் பவுலின் பக்கம் போய்விட்டதாக ஆகும், இந்த வீட்டில் அந்தப் பக்கம் போனவளுக்குத் திரும்பி வர இடமில்லை, பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். பெண்பிள்ளையானாலும் எங்க ரத்தம் என்பார்கள்.

ஈரத்துணி இல்லை. ரப்பர். இப்போதுதான் தெரிகிறது, இத்தனை நேரம் எனக்குத் தெரியாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம், முந்தாநாள் பூரா இதே சத்தத்தை என் காதுக்குப் பக்கத்தில் கேட்டேனே, வாரை விட்டதும் கொம்பில் வந்து அறைகிற சத்தம். பெரியத்தான் பின்முற்றத்தில் நின்றுகொண்டு கூரையில் கல் விடுகிறார். குறி பார்த்து, ஒவ்வொன்றாக. நான் பயந்து குரல் கொடுக்க வேண்டும், 'பெரியத்தான், என்னது அது' என்று நானே கதவைத் திறக்க வேண்டும், அப்புறம் நானாகக் கூப்பிட்டதாக ஆகும். டின்னிலிருந்து என்னுடையதை எடுக்கிறேன், தோலில் ஒரு உருண்டைக் கல் வைக்கிறேன். கதவு திறந்தால் முதலில் விளிம்பில் விரல்கள் வரும், பிறகு நெற்றி, பிறகு கண். வலது கண்ணா இடது கண்ணா என்று யோசிக்கிறேன், சாவகாசமாக, சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி. கண் உடைந்தால் என்ன நிறத்தில் வழியும். ஆண்டவரே. நினைப்பதே பாவம் என்றுதான் படித்தேன், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும், சிந்தனைதான் முதலில் வருகிறது, இருந்தும் என் சிந்தனை இனிக்கிறது, மறைப்பானேன். கிணற்றடியில் ஏழாவது கல் பட்டபோது அது தகரமாகத் தெரியவில்லை. குரங்காகவும் தெரியவில்லை.

அடுக்களைக் கதவு. செருப்பைக் கழற்றுகிற சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார், மரியாதைக்காரர். கதவுக்கு அடியில் இருக்கிற வெளிச்சக் கோடு இரண்டு இடத்தில் அறுபடுகிறது.

"எமல்டா."

தோலோடு சேர்த்துக் கல்லை இறுக்கிப் பிடிக்கிறேன்.

"தூங்கிட்டியாம்மா?"

"இல்ல பெரியத்தான்."

"பயந்துட்டியோன்னு வந்தேன். மரநாய் ஒண்ணு கூரைமேல ஏறிருச்சு. நாலு கல்லு விட்டேன்."

"மரநாய் ஓடுன சத்தம் கேக்கலியே. கல்லுதான் கேட்டுச்சு."

சிரிப்பு, மூக்கால். "அடேயப்பா. கான்வென்டுல காதுக்குத் தனியா வாத்தியார் வச்சிருந்தாகளோ?" கதவு அரை விரல் அசைந்து நிற்கிறது. தள்ளவில்லை, தள்ளினால் திறந்துகொள்ளும் என்று எனக்குக் காட்டுகிறார். "புள்ளைக்குச் சுக்குத்தண்ணி போட்டுக் கொண்டாந்திருக்கேன். தெற."

"ஏழு மாசத்துப் புள்ளைக்குச் சுக்கு ஆகாது."

"அப்ப ஒனக்கு."

"எனக்கு வேணாம்."

"ஆறிப்போகும்மா. நானே தள்ளிட்டு வந்தா நல்லாருக்காது பாரு, நீயே தெற. நான் செஞ்சு குடுத்தத எங்க வச்சிருக்க? ஒரு நாளாச்சும் நீ அடிச்சுப் பாத்தியா? எப்படிப் பிடிக்கணும்னு காட்டுறேன், வா."

வலது கையில் கவட்டை, இடது கையில் தோலும் கல்லும், இழுக்கிறேன், கன்னம்வரை, ரப்பர் வாசனை, கவட்டை உள்ளங்கையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, இவ்வளவு சரியாக எதுவும் என் கைக்கு அமைந்ததில்லை. அப்போது பாப்பா அழுகிறாள். முனகல் இல்லை, காய்ச்சல் விழிப்பின் வீறல், தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அவள் சமீபமாகத்தான் குப்புறக் கவிழப் பழகியிருக்கிறாள், சேலை ஓரத்தில் தலை வெளியே வருகிறது. இரண்டு கையும் இழுவையில் இருக்கின்றன. ஒன்றை விட்டால்தான் பிள்ளை. மரம் தேடினேன், மூன்று வாரம் காயவைத்தேன், விரல் விரலாக அளந்தேன், ஈர்க்கு ஈர்க்காக அவரை வெறுத்தேன், எனக்கு இரண்டு கை உண்டு என்று நினைத்துக்கொண்டு அளந்திருக்கிறேன். எனக்கு எங்கே இரண்டு கை. ஏழு மாசமாக ஒன்றுதானே. காட்டில் அலைந்தபோதும் இடுப்பில் அவள், வெட்டியபோதுகூட அவளைச் சாக்கில் கிடத்திவிட்டுத்தானே வெட்டினேன், கிணற்றடியில் அடித்தபோது அத்தையின் மடியில் விட்டுவிட்டுத்தானே போனேன். அதோடு பதினைந்து அடி. பத்துக்கு ஏழு என்பது பதினைந்து அடியில், வெளிச்சத்தில், ஆடாத தகரத்தில். இந்த அறையில் கதவுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நாலடி. இது எட்ட நிற்பதை அடிக்கிற சாமான், படியில் வந்து சுக்குத்தண்ணியோடு நிற்கிறவருக்கு இதில் அளவே இல்லை. அடித்தாலும், கண்ணே போனாலும், நாளைக்கு என்ன சொல்வார்கள், பாவம், சுக்குத்தண்ணி கொண்டுபோனான், பைத்தியக்காரி கல்லால் அடித்துவிட்டாள் என்பார்கள். ரப்பரை மெல்லத் தளர்த்துகிறேன். கல் தரையில் விழுகிறது. பிள்ளையை அள்ளி இடுப்பில் வைக்கிறேன், சூடு, ஈரம், என் கழுத்தில் வாயை வைத்து அழுகிறாள்.

"புள்ள அழுகுது பாரு. குடு, நான் வச்சுக்கிறேன்."

நாலடி. இரண்டு எட்டு. தாழ்ப்பாள் கதவின் நடுவில் இருக்கிறது, நாலு தடவை பெயிண்ட் அடித்ததில் கதவோடு கதவாகப் பச்சையாக ஒட்டிக் கிடக்கிறது, அதன் வளையம்கூடப் பெயிண்டில் படுத்திருக்கிறது. நகத்தை உள்ளே விட்டு நெம்புகிறேன். பெயிண்ட் செதிளாக உதிர்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு, ஒரு பலகை தள்ளி, என் முகத்துக்கு நேரே. பலகை ஒரு அங்குலம்கூட இருக்காது. முதுகைத் திருப்பித் தோளை முட்டுக் கொடுக்கிறேன், வளையத்தை ஆட்டுகிறேன், கீச்சென்று கத்துகிறது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, இந்த மலையில் தெருவே கிடையாது.

"என்ன சத்தம் அது?"

"தாழ்ப்பாள், பெரியத்தான்."

"அது எதுக்கு இப்ப?"

"போடுறதுக்கு."

சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பதில் இன்றைக்கே வந்துவிட்டது. கதவு தோளை அழுத்துகிறது, லேசாக, அப்புறம் லேசாக இல்லை. பாதங்கள் சிமெண்டில் வழுக்குகின்றன, பாப்பா வீறுகிறாள், கட்டில் காலில் பாதத்தை ஊன்றிக்கொள்கிறேன். இரும்பு அசைகிறது, கால் அங்குலம், மாட்டிக்கொள்கிறது, பின்னால் இழுத்து மறுபடி தள்ளுகிறேன்.

"எம்மா. யாருகிட்ட நடிக்கிற? அம்மா வந்து கேக்கும்ல, என்ன சொல்லுவ?"

"போட்டேன்னு சொல்லுவேன். ஏன்னும் சொல்லுவேன்."

"பவுலின் மாதிரியா?"

நிலையில் இருக்கிற ஓட்டையைச் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது. தாழ்ப்பாள் நுனி அதில் முட்டுகிறது. பவுலின் அக்கா இதே இடத்தில் நின்றிருப்பார், இதே இரும்பு, அப்போது பெயிண்ட் இரண்டு தடவை குறைவாக இருந்திருக்கும். கதவை ஒரு நொடி விடுகிறேன், அவர் பாரம் தடுமாறுகிறது, அந்த நொடியில் முழு உடம்போடு திருப்பி மோதுகிறேன், நானும் பிள்ளையும், இரண்டு பேரின் எடை. கதவு நிலையில் அறைகிறது. அந்தப் பக்கம் டம்ளர் விழுந்து உருளுகிறது, சுக்கு வாசனை கதவுக்கு அடியில் ஊர்ந்து வருகிறது.

"ஆமா" என்கிறேன், "அக்கா மாதிரிதான்", சுண்ணாம்பு நொறுங்க இரும்பு கடைசிவரைக்கும் உள்ளே போகிறது.